சிரிப்பின் இலக்கணம்: வங்கக் குழந்தை எழுத்தாளர் சுகுமார் ராயின் வாழ்வும் படைப்பு ஊற்றுகளும்

முன்னுரை

குழந்தை இலக்கியம் பற்றிப் பேசும்போதெல்லாம் அது குழந்தைக்கு எதைக் கற்பிக்கிறது என்னும் வினாவையே நாம் முதலில் எழுப்புகிறோம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எனத் தொடங்கும் நம் கல்வி மரபில் இவ்வினா எழுவது இயல்பே. ஆயினும் எதையும் நேரடியாகக் கற்பிக்க முற்படாத குழந்தை இலக்கியமும் உண்டு. அதன் மதிப்பை அளக்க நம்மிடம் தக்க அளவுகோல் உள்ளதா என்பது தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்கு வங்க எழுத்தாளர் சுகுமார் ராயின் (1887–1923) வாழ்வு சிறந்ததொரு வரலாற்றுச் சான்றாக அமைகிறது. உலகம் இவரைத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தந்தையாகவே அறியும். வங்காளிகளோ சத்யஜித் ராயைச் சுகுமாரின் மகனாக முதலில் அறிந்தவர்கள். முப்பத்தாறு வயது நிறைவதற்குள் மறைந்த இவர், பொருளற்றவை போலத் தோன்றும் பாடல்களாலும் கதைகளாலும் ஒரு மொழியின் குழந்தைப் பருவத்தையே வடிவமைத்தார். இவருடைய படைப்பிற்கு ஊற்றாக அமைந்தவை யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுகுமாருக்கு முந்தைய வங்கக் குழந்தை இலக்கியம்

ஒரு படைப்பாளியை அவர் தோன்றிய காலப் பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். 1855இல் ஈசுவர சந்திர வித்யாசாகர் இயற்றிய ‘வர்ணபரிசய’ என்னும் அரிச்சுவடி, வங்கக் குழந்தைகள் பல தலைமுறைகளாகப் பயின்ற நூலாகும். அதில் சொற்படி நடக்கும் கோபால் என்னும் நல்ல சிறுவனும், அவ்வாறு நடவாத ராக்கால் என்னும் சிறுவனும் வருகின்றனர். கோபாலைப் போல் இருத்தல் வேண்டும், ராக்காலைப் போல் இருத்தலாகாது என்பதே அந்நூலின் போதனை. எழுத்தறிவும் ஒழுக்கமும் ஒருங்கே ஊட்டப்பட்ட காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. ‘சகா’ (1883), ‘பாலக்’ (1885), ‘முகுல்’ (1895) முதலிய சிறுவர் இதழ்கள் தோன்றின. ஜோகீந்திரநாத் சர்க்கார் படமும் பாட்டும் இணைந்த நூல்களை வெளியிட்டார். 1890களில் இரவீந்திரநாத் தாகூர், பெண்களும் குழந்தைகளும் பாடிவந்த ‘சடா’ என்னும் நாட்டார் சிறுபாடல்களைத் தொகுத்து, அவற்றின் இலக்கியத் தகுதியை எடுத்துரைத்தார். 1907இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தாரின் ‘டாகுர்மார் ஜூலி’ என்னும் பாட்டிக் கதைத் தொகுதி வெளிவந்தது. ஆங்கிலக் கல்வியின் பிடியில் இருந்த சமூகம், தன் குழந்தைகளுக்குத் தன் மொழியில் என்ன கொடுப்பது எனச் சிந்திக்கத் தொடங்கியதன் விளைவுகளே இவை. சுகுமார் இச்சூழலில்தான் வளர்ந்தார்.

முதல் ஊற்று: குடும்பம்

சுகுமார் 1887 அக்டோபர் 30ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தாயார் விதுமுகி, தந்தையார் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. விதுமுகியின் தந்தை துவாரகநாத் கங்குலி, பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த சீர்திருத்தவாதி, பெண்கல்விக்காகப் போராடியவர், அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகளின் அவலத்தை நேரில் சென்று கண்டு எழுதியவர். தோட்டப்புற வரலாற்றை அறிந்த நமக்கு இச்செய்தியின் பொருள் எளிதில் விளங்கும். அவருடைய இரண்டாம் மனைவி காதம்பினி, பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்கள் இருவருள் ஒருவர், மருத்துவராகவும் பணியாற்றியவர். இத்தகையோர் நடமாடிய வீட்டில் அதிகாரத்தை வினவுதல் என்பது குழந்தைகளுக்கு இயல்பாகவே வாய்த்தது எனலாம்.

உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர், அச்சுக்கலை வல்லுநர் எனப் பன்முக ஆற்றல் வாய்ந்தவர். சிறுவர்க்காக அவர் இராமாயணத்தை எழுதி வெளியிட்டபோது, அவர் வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வெளிவந்தன. மனம் வருந்திய அவர், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, படங்களை நுண்புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறையைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அத்துறையில் அவர் செய்த ஆய்வுகள் இலண்டனில் வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் இடம்பெற்றன. குழந்தைக்குத் தரும் படம் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் அக்கறை ஒருவரை அறிவியல் ஆய்வாளராகவே ஆக்கியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வீட்டில் பிள்ளைகள் அனைவரும் எழுதினர் அல்லது வரைந்தனர். சுகுமாரின் தமக்கை சுகலதாவும் தங்கை புண்யலதாவும் பிற்காலத்தில் குழந்தை எழுத்தாளர்களாகப் பெயர் பெற்றனர். உலகில் இல்லாத விலங்குகளைக் கற்பனை செய்து, அவற்றிற்குப் பெயரிட்டு, அவற்றின் நடையுடை பாவனைகளைச் சுகுமார் உடன்பிறந்தோர்க்குக் கதையாகச் சொல்லி வந்ததைப் புண்யலதாவின் இளமை நினைவுகள் வழி அறிகிறோம். பின்னாளில் நூலாக மலர்ந்த கற்பனையின் வித்து அவ்வீட்டின் முற்றத்தில்தான் விழுந்தது.

இரண்டாம் ஊற்று: அறிவியலும் அச்சகமும்

சுகுமார் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களில் சிறப்புப் பட்டம் பெற்றார். கல்லூரிக் காலத்திலேயே நண்பர்களையும் உறவினர்களையும் சேர்த்து ‘நான்சென்ஸ் கிளப்’ என்னும் வேடிக்கைக் கழகத்தைத் தொடங்கினார். அதற்கெனக் கையெழுத்து இதழொன்று நடத்தினார், நாடகங்களும் எழுதினார். தந்தை பக்தியோடு சிறுவர்க்கு எடுத்துரைத்த இராமாயணத்தை, மகன் ‘லட்சுமணேர் சக்திசேல்’ என்னும் நாடகத்தில் நகைச்சுவையாக மாற்றினார். அவ்வீட்டில் அதனைப் பிழையென எவரும் கருதவில்லை.

1911இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகை பெற்று, இங்கிலாந்து சென்று இலண்டனிலும் மான்செஸ்டரிலும் ஒளிப்பட அச்சுக்கலை பயின்றார். அங்கிருந்த காலத்தில் தாகூரைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அது 1913இல் ‘குவெஸ்ட்’ இதழில் அச்சேறியது. 1922இல் இங்கிலாந்தின் அரச ஒளிப்படக் கழகம் அவரைத் தன் மதிப்புறு உறுப்பாளராக ஏற்றது.

இக்கல்விக்கும் அவருடைய விந்தைப் பாடல்களுக்கும் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு மிக நெருக்கமானது என்பதே நம் கருத்து. அச்சிட்ட படத்தில் நிழலும் ஒளியும் இருப்பதாகக் கண் காண்கிறது. உண்மையில் அங்கே இருப்பவை சிறிதும் பெரிதுமான மைப்புள்ளிகளே. கணக்குப் பிசகாத ஒழுங்கினால் ஒரு மாயத் தோற்றம் உண்டாகிறது. சுகுமாரின் பாடல்களும் இத்தகையனவே. பொருள் எத்துணை விபரீதமாக இருப்பினும் யாப்பு ஓரிடத்திலும் பிசகுவதில்லை. எதுகையும் சந்தமும் கடிகாரம் போல் இயங்குகின்றன. தாறுமாறான உலகத்தைக் கட்டுக்கோப்பான ஒலியில் அமைத்தமையே அவர் வெற்றியின் அடிப்படை.

அறிவியலைப் போற்றிய அவர், அறிவியலின் பெயரால் செய்யப்படும் வீண் ஆரவாரத்தை நகையாடவும் தவறவில்லை. ‘விஞ்ஞான சிக்ஷா’ என்னும் பாடலில் ஒருவர் பிறர் தலைக்குள் என்ன இருக்கிறது என ஒரு கருவிகொண்டு ஆராய முற்படுகிறார். அக்கருவியின் பெயர் ‘ஃபுட்டோஸ்கோப்’. வங்க மொழியில் ‘ஃபுட்டோ’ என்பது துளையைக் குறிக்கும். கிரேக்கச் சொல்லிறுதியை வீட்டு வழக்குச் சொல்லோடு ஒட்டி, கலைச்சொல்லின் பெருமிதத்தை ஒரே சொல்லில் அவர் கவிழ்த்துவிடுகிறார்.

மூன்றாம் ஊற்று: மொழி

சுகுமாரை வங்காளத்தின் லூயிஸ் கரோல் எனக் கூறுவது வழக்கம். எட்வர்ட் லியர், லூயிஸ் கரோல் ஆகியோரின் எழுத்துகள் அவருக்கு ஊக்கமளித்தன என்பதில் ஐயமில்லை. ‘ஹஜபரல’ என்னும் அவருடைய நெடுங்கதையில் ஒரு சிறுவன் கோடைப் பகலில் உறங்கி விந்தை உலகொன்றைக் காண்கிறான். இறுதியில் நீதிமன்றக் காட்சி கலைந்து விழித்தெழுகிறான். கரோலின் ஆலிஸ் கதையோடு இவ்வமைப்பு ஒத்திருப்பது வெளிப்படை.

ஆனால் ஒப்புமை அவ்வளவோடு நிற்கிறது. கதையின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘ஹஜபரல’ என்பதற்கு வங்க வழக்கில் ‘தாறுமாறு’ என்பது பொருள். பாணினியின் இலக்கணத்திற்கு முகப்பாக அமைந்த மாகேசுவர சூத்திரங்களுள் ஐந்தாவது ‘ஹயவரட்’, ஆறாவது ‘லண்’. இவற்றின் ஈற்று மெய்களை நீக்கி, வங்க ஒலிப்புக்கேற்ப யகரத்தை ஜகரமாகவும் வகரத்தைப் பகரமாகவும் உச்சரித்தால் கிடைப்பதும் இதே வரிசைதான். உலகின் மிகக் கட்டுக்கோப்பான இலக்கண நூலின் எழுத்து வரிசை, மக்கள் வழக்கில் குழப்பத்தைச் சுட்டும் சொல்லாயிற்று. அச்சொல்லைத் தம் கதைக்குப் பெயராக்கினார் சுகுமார். இது கரோலிடமிருந்து கடன் பெற்றதன்று, அம்மண்ணுக்கே உரியது.

‘கிச்சுடி’ என்னும் பாடலில் இரு விலங்குகள் ஒட்டிப் புதிய விலங்குகள் பிறக்கின்றன. வாத்தைக் குறிக்கும் ‘ஹான்ஸ்’, முள்ளம்பன்றியைக் குறிக்கும் ‘சஜாரு’ ஆகிய இரண்டும் சேர்ந்து ‘ஹான்ஸ்ஜாரு’ ஆகின்றன. ‘ஹாத்தி’ என்னும் யானையும் ‘திமி’ என்னும் திமிங்கிலமும் சேர்ந்து ‘ஹாத்திமி’ ஆகின்றன. முதற்சொல்லின் இறுதி ஒலியும் வருசொல்லின் முதல் ஒலியும் பொருந்தும் இடத்தில்தான் ஒட்டு நிகழ்கிறது. நிலைமொழி, வருமொழி எனப் புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதன் சுவை தனியே விளக்கப்பட வேண்டியதில்லை. இலக்கணத்தை நன்கறிந்தவரே இலக்கணத்தோடு இவ்வாறு விளையாட இயலும்.

‘சந்தேஷ்’ இதழ்ப் பணி

1913இல் உபேந்திரகிஷோர் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். அச்சொல் செய்தியையும் குறிக்கும். வங்காளத்தின் புகழ்பெற்ற இனிப்பையும் குறிக்கும். இங்கிலாந்திலிருந்து திரும்பிய சுகுமார், கார்பார் சாலையில் இருந்த குடும்ப இல்லத்திலேயே அமைந்த யூ. ராய் அண்டு சன்ஸ் அச்சகத்தில் தந்தையோடு இணைந்தார். 1915 டிசம்பரில் நீரிழிவு நோயால் தந்தை மறையவே, இருபத்தெட்டு வயதில் அச்சகமும் இதழும் அவர் பொறுப்பாயின.

அவ்விதழில் அவர் எழுதியவை விந்தைப் பாடல்கள் மட்டுமல்ல. கலிலியோ, டார்வின், பாஸ்டர் முதலியோரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் அறிவியல் கட்டுரைகளையும் எளிய நடையில் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார். அறிவு புகட்டும் எழுத்தையும் சிரிக்க வைக்கும் எழுத்தையும் அவர் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை. இரண்டிற்கும் ஒரே இதழில் இடமளித்தார். எனினும் ஒன்றின் பணியை மற்றொன்றின் மீது சுமத்தவில்லை. பாடலுக்குள் பாடத்தை ஒளித்து வைக்காமல், பாடத்தைப் பாடமாகவும் பாடலைப் பாடலாகவும் தந்தார். அவருடைய இதழியல் நெறியில் நாம் கற்க வேண்டிய முதன்மைக் கூறு இதுவே.

இக்காலத்தில் அவரைச் சூழ்ந்திருந்த நண்பர் குழாமும் குறிப்பிடத்தக்கது. திங்கட்கிழமை தோறும் கூடிய ‘மண்டே கிளப்’ என்னும் அவையில் மொழியியலறிஞர் சுனீதிகுமார் சாட்டர்ஜி, புள்ளியியலறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் முதலியோர் பங்கேற்றனர். அங்கே வழங்கிய விருந்தின் சிறப்பால், ‘மண்டா’ என்னும் இனிப்பின் பெயரையே கழகத்தின் பெயராக்கி நகையாடினர்.

விந்தையினுள் விமரிசனம்

சுகுமாரின் படைப்புகள் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கன அல்ல. ‘ஏகுசே ஆயின்’ என்னும் பாடலில் சிவபெருமானின் நாட்டில் நடைமுறையிலுள்ள விந்தைச் சட்டங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. அற்பச் செயல்களுக்கெல்லாம் இருபத்தொன்று என்னும் கணக்கில் தண்டனை விதிக்கப்படுகிறது. ‘ஹஜபரல’வின் நீதிமன்றத்தில் ஆந்தை நீதிபதியாகக் கண்மூடி அமர்ந்திருக்கிறது, முதலை வழக்காடுகிறது. ‘குடோர் கல்’ என்னும் பாடலில், நடப்பவரின் முகத்துக்கு முன்னே உணவைத் தொங்கவிட்டு அவரை விரைந்து நடக்கச் செய்யும் பொறியொன்று வருகிறது. உணவோ ஒருபோதும் வாய்க்கு எட்டுவதில்லை. ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் நிகழ்ந்த 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாழ்ந்த வங்கப் பெற்றோர், குழந்தைக்கு இவற்றைப் படித்துக் காட்டும்போது தமக்குள் வேறொரு பொருளையும் உணர்ந்திருக்கக் கூடும். ஆயினும் இப்பாடல்களை அரசியல் உருவகங்களாக மட்டுமே சுருக்குவதும் பிழையாகும். குழந்தை சிரிக்கிறது, அச்சிரிப்புக்கு வேறு நியாயம் தேவையில்லை.

இறுதி நாள்கள்

1921 மே 2ஆம் நாள் சத்யஜித் பிறந்தார். அதே ஆண்டில் சுகுமாரைக் காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சல் பற்றியது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நீடித்த அந்நோய்க்கு அக்காலத்தில் கைகண்ட மருந்து புழக்கத்தில் இல்லை. தாம் பிழைக்கப் போவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். தாகூர் அவரைக் காண வந்து, அவர் விரும்பிக் கேட்ட பாடல்களைப் படுக்கையருகே அமர்ந்து பாடினார்.

அந்நாள்களில்தான் ‘ஹஜபரல’ ‘சந்தேஷ்’ இதழில் வெளிவந்தது (1922). அந்நாள்களில்தான் ‘ஆபோல் தாபோல்’ என்னும் தம் பாடல் தொகுதியின் பக்க அமைப்பையும் படங்களையும் அட்டையையும் படுக்கையில் இருந்தவாறே அவர் ஒழுங்குசெய்தார். தொகுதியின் இறுதிப் பாடல், கனவும் இருளும் கலந்து, விடைபெறும் குரலில் முடிகிறது. குழந்தைகளுக்கான வேடிக்கை நூலொன்றின் கடைசிப் பக்கத்தில் தம் மரணத்தையும் அவர் சந்தம் மாறாமல் எழுதிவைத்தார். 1923 செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார். ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19இல், நூல் வெளிவந்தது. அச்சுக்கலையில் தேர்ந்த அவர் தம் தலைசிறந்த நூலின் அச்சுப் படியைக் காணவில்லை.

வரலாற்றின் கொடுமை மற்றொன்றும் உண்டு. அதே கல்கத்தா நகரில் மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, காலா அசாருக்கு எதிரான யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்டறிந்து, 1922இல் தம் ஆய்வு முடிவை வெளியிட்டிருந்தார். பிற்பட்ட ஆண்டுகளில் அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. தந்தை மறைந்து ஆறாண்டுகளில் இன்சுலின் கண்டறியப்பட்டது. மகன் வாழ்ந்த நகரிலேயே அவர் நோய்க்கான மருந்து உருவாகிக் கொண்டிருந்தது. அறிவியலைக் குழந்தைகளுக்குச் சொல்லிய அவ்விருவருக்கும் அறிவியல் சற்றே காலந்தாழ்த்தி வந்தது.

சுகுமாருக்குப் பின் அச்சகம் கடனில் மூழ்கிக் கைமாறியது, இதழும் நின்றது. 1961இல் சத்யஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து ‘சந்தேஷ்’ இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். 1969இல் வெளிவந்த அவருடைய ‘கூப்பி காயின் பாகா பாயின்’ திரைப்படம், 1915இல் பாட்டனார் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய கதையே. 1987இல், நூற்றாண்டையொட்டி, தாம் இரண்டரை வயது நிறையுமுன் இழந்த தந்தையைப் பற்றி ஆவணப்படம் ஒன்றையும் எடுத்தார்.

முடிவுரை

சுகுமார் ராயின் படைப்புக்கு மூன்று ஊற்றுகள் இருந்தமையைக் கண்டோம். வினவுதலைப் பிழையெனக் கருதாத வீடு, ஒழுங்கைக் கற்பித்த அறிவியல், இலக்கணத்தையும் மக்கள் வழக்கையும் ஒருங்கே அறிந்த மொழிப்புலமை ஆகியனவே அவை. லியரும் கரோலும் கதவைத் தட்டினர். கதவைத் திறந்தது வங்க மொழியே.

தமிழில் குழந்தை இலக்கியம் இதே காலத்தில்தான் புதுப்பிறப்பெடுத்தது. பாரதியின் ‘பாப்பா பாட்டு’ம் கவிமணியின் குழந்தைப் பாடல்களும் பின்வந்த அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் நம் வகுப்பறைகளுக்கு வளம் சேர்த்தன. பாரதி 1921 செப்டம்பரில் முப்பத்தெட்டு வயதில் மறைந்தார். இரண்டாண்டு கழித்து அதே திங்களில் சுகுமார் மறைந்தார். இருவரும் குழந்தையை மதித்தவர்கள். பாரதி அதற்கு அஞ்சாமையைச் சொல்லித் தந்தார். சுகுமார் எதையும் சொல்லித் தராமலே சிரிக்க விட்டார்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பாடல் ஒன்றைக் கற்பித்து முடித்தவுடன் ‘இதனால் நீங்கள் அறியும் நன்னெறி யாது?’ என வினவும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வினா தேவையற்றது என நாம் கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு பாடலையும் அவ்வினாவின் முன் நிறுத்தினால், பாடல் என்பது விடையெழுதுவதற்கான சுமை என்றே குழந்தை எண்ணத் தொடங்கும். நம் நாட்டார் மரபில் பொருளற்ற ஒலிநயத்தோடு சிறுவர் பாடிய விளையாட்டுப் பாடல்களுக்குக் குறைவில்லை. அவற்றைத் தொகுத்து ஆராய்வதும், அவ்வடியொற்றிப் புதியன படைப்போரை ஊக்குவிப்பதும் நம் கடமையாகும். தாய்மொழியில் வாய்விட்டுச் சிரித்த குழந்தை அம்மொழியை எளிதில் கைவிடாது. சிறுபான்மைச் சூழலில் தமிழ் கற்பிக்கும் நமக்குச் சுகுமார் ராயின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவாகும்.